ஓடுகிற வண்டி

விற்றுவிட்ட பொருளின் மேல் விற்றவனுக்கு ஏதாவது பாத்தியதை உண்டா? பணம் கை மாறிவிட்டது. புத்தகத்தில் பெயரும் மாறிவிட்டது. அதற்குப் பிறகும், "என் பொருளை நீ இப்படிச் செய்யலாமா?" என்று கேட்க அவனுக்கு வாய் இருக்கிறதா? சட்டத்தைக் கேட்டால் 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிடும். எனக்குத்தான் அவ்வளவு சுலபமாகச் சொல்ல வரவில்லை. சென்ற ஆண்டு ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் ஒரு பகல் முழுவதும் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் நீங்கள் போயிருப்பீர்கள். மோட்டார்ச் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு அது ஒரு வேடிக்கையான சாலை. அது தொடங்குகிற இடத்துக்குச் சற்று வடக்கே, பெருங்களத்தூர்ப் பக்கம், ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் 'ஹெரால்டு' கார்கள் அங்கிருந்துதான் வெளிவந்தன. 1988-இல் அந்தக் கம்பெனி கார் செய்வதை நிறுத்திவிட்டது. மேற்கே போகப் போக ஒரகடம் வருகிறது. லாரி செய்கிறவர்கள், கார் செய்கிறவர்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறவர்கள் என்று வரிசையாக மதில் சுவர்கள். வடக்கே திரும்பி ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டு இருங்காட்டுக்கோட்டைக்குப் போனால், 1998-லிருந்து கார்களைக் கொட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு பெரிய ஆலை. பழைய காரின் சமாதியில் தொடங்கிப் புதிய காரின் பிரசவ அறையில் முடிகிற பாதை அது. இரண்டுக்கும் நடுவில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரையை ஒட்டி இருந்தது நான் சொல்லும் கொட்டகை.

என் சிநேகிதர் ஒருவரிடம் 1964-ஆம் வருஷத்து ஹெரால்டு ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம், நல்ல மனிதர், இதைப் படித்தாலும் என்னோடு பேசுவார் என்றே நம்புகிறேன். குன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிடந்ததை வாங்கி வந்தார். வெளியே பார்த்தால் மகாராஜா. கதவைத் திறந்து உள்ளே பார்த்தால் பரதேசி. கதவுகளின் உட்பலகையை மழை தின்றிருந்தது. டாஷ்போர்டு இருந்த இடத்தில் ஓட்டையும் தொங்கும் கம்பிகளுந்தான். ஸ்பீடாமீட்டரை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மூன்று வருஷம் தேடினார். புதுப்பேட்டையில் அவரைத் தெரியாத கடைக்காரர் கிடையாது. என்ஜின் சாமான் கிடைத்தது, பிரேக் சாமான் கிடைத்தது. உள் அலங்காரம் மாத்திரம் கிடைக்கவில்லை. என்ஜின் கெட்டால் கழற்றி வைத்து விற்பார்கள், கிழிந்த ரெக்ஸினை யார் சேமித்து வைக்கப்போகிறார்கள்?

கடைசியில் வாலாஜாபாத்துக்கு இப்பால் ஒரு கிராமத்தில் இன்னொரு ஹெரால்டு இருப்பதாகத் தகவல் வந்தது. துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். 1984-இல் பழைய வண்டியாக வாங்கினாராம். மனைவிக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது காஞ்சிபுரத்துக்கு வாரத்துக்கு இரண்டு தடவை அதில்தான் அழைத்துப் போனாராம். மனைவி இல்லை இப்போது. பிள்ளை வெளிநாட்டில். கண் சரியில்லாததால் ஓட்டுவதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பையனை வைத்து ஸ்டார்ட் செய்து தெருக்கோடி வரை போய்வரச் சொல்வாராம். சொல்லிவிட்டு எங்கள் முன்னாலேயே ஸ்டார்ட் செய்து காட்டச் சொன்னார். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. சாயம் போயிருந்தது, கீழ்ப்பக்கம் துரு இருந்தது. ஆனால் உள்ளே? ஒரு ஸ்க்ரூ குறையவில்லை. என் சிநேகிதர் டாஷ்போர்டைத் தடவிப் பார்த்த விதத்தில், அவர் விரலில் ஒரு நடுக்கம் இருந்ததை நான் கவனித்தேன்.

விலை பேசுவதில் தகராறே வரவில்லை. பெரியவர் இரண்டாவது பேச்சிலேயே இறங்கிவந்துவிட்டார். பிறகு ஒன்று கேட்டார்:

"தம்பி, வண்டியை நல்லா வெச்சுக்குவீங்களா?"

"கண்ணைப் போலப் பார்த்துக்குவேன், ஐயா!" என்றார் என் சிநேகிதர்.

நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கே அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

கொட்டகைக்கு அந்த வண்டி தன் காலாலேயே வந்து சேர்ந்தது. கட்டி இழுத்து வரவில்லை, லாரியில் ஏற்றவில்லை. வாசலில் மேஸ்திரி அதை ஒரே வளைப்பில் திருப்பி நிறுத்தினார். ஹெரால்டுக்கு அது ஒரு தனிப் பெருமை. லண்டன் டாக்ஸியைப் போல இருந்த இடத்திலேயே திரும்பும். இத்தாலியர் மைக்கலோட்டி கோடு போட்டுக் கொடுத்த உடம்பு. முன்பக்கம் முழுவதையும், சக்கர மறைப்புகள் உள்பட, மூக்கோடு சேர்த்து முன்னால் கவிழ்த்துவிடலாம். மேஸ்திரி அப்படிக் கவிழ்த்து, முதல் காரியமாக பாட்டரி இணைப்பைக் கழற்றினார்.

பிரிப்பது என்பது ஒரு கலை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடி இருக்கிறதே, அதை எங்கே பிடித்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. பின்னாலிருக்கும் வட்டத் தகட்டை அழுத்தினால், உள்ளே ஒளிந்திருக்கும் சின்ன ஊசி தெரிகிறது. ஒரு தட்டுத் தட்டினால் அது விழுந்துவிடும். பலவந்தமாக இழுத்தால் கைப்பிடி முறியும். கதவுப் பலகையை அட்டைக்குள் சொருகிய கம்பிக் கிளிப்புகள் பிடித்திருக்கின்றன. மழுங்கிய பட்டைக் கம்பியைக் கிளிப்புக்குப் பக்கத்திலேயே நுழைத்து மெல்ல நெம்ப வேண்டும். நடுவில் நெம்பினால் நாற்பது வருஷ ஈரம் குடித்த அட்டை பப்படம்போல் உடைந்துவிடும். ஸ்பீடாமீட்டரைப் பின்பக்கம் கையை விட்டு, கண்ணால் பாராமல், விரலாலேயே திருகிக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு கம்பியிலும் மேஸ்திரி ஒரு துண்டு ஒட்டுத்தாளைச் சுற்றி எண் எழுதினார். பழுப்பு பாட்டரியிலிருந்து வருவது, வெள்ளை சாவி வழியாக வருவது, நீலம் பெரிய விளக்கு, சிவப்பு சின்ன விளக்கு, கறுப்பு பூமிக்கு என்று இங்கிலீஷ் வண்டிகளுக்கெல்லாம் ஒரே வழக்கமாம். மந்திரம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே வேலை செய்தார். உதவிக்கு இருந்த வாலிபன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அந்த வாலிபனைப் பற்றி இரண்டு வார்த்தை. அவனுக்கு அங்கே ஒரு பெரிய ஆலையில் ஷிப்டு வேலை. செய்வதும் டாஷ்போர்டு வேலைதான். ஆனால் மாட்டுகிற வேலை. மீட்டர், கம்பி, காற்றுக் குழாய் எல்லாம் பொருத்திய முழு டாஷ்போர்டை ஒரு இயந்திரக் கை தூக்கிக் கதவு வழியாக உள்ளே நீட்டுமாம். இவன் சரிபார்த்து முடுக்குவானாம். ஒரு வண்டிக்கு ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல். "கழற்றிப் பார்த்ததே இல்லை சார், இங்கே வந்துதான் கழற்றவே கத்துக்கிட்டேன்" என்றான். அவன் ஆயிரக்கணக்கில் மாட்டியிருக்கிறான்; எந்த வண்டியின் முகமும் ஞாபகமில்லை. இந்த ஒரு வண்டியைக் கழற்றும்போது அவன்தான் முதலில் கை நிறுத்தியவன்.

"அண்ணே, இது ஓடற வண்டிண்ணே" என்றான் மேஸ்திரியிடம்.

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. என் சிநேகிதரைப் பார்த்தார். சிநேகிதர் என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன்.

டாஷ்போர்டின் சிறு அறைக்குள்ளிருந்து ஒரு கற்பூரப் பொட்டணமும், ஓரம் வளைந்த ஓர் அலுமினியப் பத்துப் பைசாவும், ஒரு நோட்டுப் புத்தகமும் கிடைத்தன. நோட்டில் பென்சிலால் தேதி, போட்ட பெட்ரோல், மீட்டர் காட்டிய எண். வாத்தியார் கையெழுத்து, கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. சில தேதிகளுக்கு எதிரே 'காஞ்சி' என்று மாத்திரம் எழுதியிருந்தது. கடைசி எண்ணும் மீட்டரில் நின்ற எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

"மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பிடலாமா சார்? இல்லே, அப்படியே இருக்கட்டுமா?" என்று கேட்டார் மேஸ்திரி.

சாதாரணக் கேள்விதான். ஆனால் என் சிநேகிதர் வெகு நேரம் யோசித்தார். அப்படியே விட்டால், அந்த வண்டி ஓடாத தூரத்தை ஓடியதாக அது சொல்லும். பூஜ்யத்துக்குத் திருப்பினால், அறுபது வயசு வண்டி நேற்றுப் பிறந்ததாகச் சொல்லும். ஒரு பொருளை ஓர் உடம்பிலிருந்து எடுத்து இன்னோர் உடம்பில் வைத்துவிட்டால், அப்புறம் அது எந்த எண்ணைக் காட்டினாலும் பொய்தான்!

மாலையில் டீக்கடையில் நான் மெல்லப் பேச்செடுத்தேன். என் சிநேகிதர் தயாராக இருந்தார்.

"என்னய்யா பேசறீர்? அந்த வண்டியின் சட்டத்தில் துரு. இன்னும் இரண்டு மழைக்குத் தாங்காது. என் வண்டி உடம்பு கெட்டி; உள்ளே ஒன்றுமில்லை. இரண்டு அரை உயிர் இருந்தால் எதைக் காப்பாற்றுவது? 2008-இல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி விபத்தில் போன தங்கள் பிள்ளையின் உறுப்புகளைத் தானம் செய்தார்களே, ஊரே கை கூப்பவில்லையா? அதைப் பாவம் என்பீரா?"

கெட்டிக்கார வாதம். எனக்கு அன்று பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் கழித்து, வழக்கம்போல் காலம் கடந்தபின் தெரிந்தது.

உறுப்பு தானத்துக்கு நம் நாட்டில் 1994-இல் சட்டம் வந்தது. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மூளை செத்துவிட்டது என்று நான்கு மருத்துவர்கள் சேர்ந்து சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னால் போதாது, குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உறுப்பை எடுத்து மாற்றி வைக்கப்போகிற மருத்துவர் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. இதயம் வேண்டியவன், 'இவன் செத்துவிட்டான்' என்று கையெழுத்துப் போடக் கூடாது! இவ்வளவுதான் விஷயம். எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், வேண்டியவன் கண்ணுக்கு எதிராளியின் துருதான் பெரிதாகத் தெரியும். என் சிநேகிதர் அந்த வண்டியின் அடியில் குனிந்து பார்த்தபோது, டாஷ்போர்டைத் தடவிய விரல் நடுக்கம் இன்னும் அடங்கியிருக்கவில்லை. அந்தக் கண் எப்படிச் சரியான தீர்ப்புச் சொல்லும்? அங்கே சம்பந்தமில்லாத மருத்துவர் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் ஷிப்டு வேலைக்காரப் பையன், அவன் சொன்னான். மற்றவன் நான்.

பழையதைப் பிரித்துச் சேர்ப்பது பற்றிப் பெரியவர்கள் நிறைய யோசித்திருக்கிறார்கள். தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பலகை பலகையாக மாற்றிக் காப்பாற்றி வந்தார்களாம். அது அதே கப்பல்தானா என்று அந்த ஊர்த் தத்துவ ஞானிகள் சண்டையிட்டதாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயர் அதில் ஒரு குறும்பைச் சேர்த்தார்: கழற்றிப்போட்ட பழைய பலகைகளை ஒருவன் பொறுக்கி வைத்து அதே வரிசையில் மறுபடி கட்டிவிட்டால், எது அசல் கப்பல்? படிக்க ருசியான புதிர். ஆனால் இரண்டு பேருமே ஒரு கப்பலைப் பற்றித்தான் பேசினார்கள். ஒன்றைக் காப்பாற்றுவதற்காகக் கடலில் மிதந்துகொண்டிருக்கும் இன்னொரு கப்பலை உடைக்கலாமா என்று அவர்கள் கேட்கவில்லை.

புரி ஜகந்நாதர் கோயிலில் சில வருஷங்களுக்கு ஒரு முறை மரத் திருமேனிகளையே மாற்றுகிறார்கள். 1996-இல் நடந்தது, பிறகு 2015-இல் நடந்தது. பழைய திருமேனிக்குள்ளிருக்கும் பொருளை எடுத்துப் புதியதில் வைப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, கையிலும் துணி சுற்றிக்கொண்டு செய்கிறார். பழைய திருமேனியைக் கோயில் வளாகத்திலேயே அடக்கம் செய்து, செய்தவர்கள் வீட்டில் சாவு விழுந்ததுபோல் துக்கம் காக்கிறார்கள். மாற்றுவது தவறில்லை, ஆனால் மாற்றுகிறவன் எதையும் பார்த்து ஆசைப்படக் கூடாது, முடிந்தபின் அழவும் வேண்டும் என்று அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் நினைத்திருக்க வேண்டும். ஒரு மோட்டார் காருக்கு இவ்வளவு பெரிய உவமையா என்று சிரிக்காதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் எல்லைக்குள் உட்கார்ந்து யோசித்தால் யோசனை அந்தப் பக்கந்தான் போகிறது. ராமானுஜர் பிறந்த ஊர் அல்லவா? அவருக்கு மூன்று திருமேனிகள் என்பார்கள்: மேல்கோட்டையில் இருப்பது அடியார்கள் விரும்பியது, 'தமர் உகந்த திருமேனி', ஸ்ரீபெரும்புதூரில் அவரே விரும்பியது, 'தானுகந்த திருமேனி', ஸ்ரீரங்கத்தில் அவரே ஆனது, 'தானான திருமேனி'. என் சிநேகிதர் தம் வண்டியைத் 'தானான' ஒன்றாக்குகிறேன் என்றுதான் புறப்பட்டார். நாளுக்கு நாள் அது 'தமர் உகந்த'தாக ஆகிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஐரோப்பாவில் இதற்கென்று ஒரு சாசனமே எழுதியிருக்கிறார்கள். உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பு 2012-இல் டூரின் நகரத்தில் ஏற்றுக்கொண்டது. புதுப்பிப்பதைவிடப் பாதுகாப்பது மேல், தழும்பும் சரித்திரந்தான், புதிதாகச் சேர்க்கும் பாகத்தில் அடையாளம் போட்டு வை, எதைச் செய்தாலும் பின்னால் வருகிறவன் அழித்துப் பழையபடி ஆக்கும்படி செய் என்கிறது அது. நல்ல வார்த்தைகள். நம் நாட்டிலும் 2021-இல் விதி வந்தது. ஐம்பது வருஷம் கடந்த வண்டி, அசல் உருவம் கெடாதிருந்தால், 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண் வாங்கிக்கொள்ளலாம். இருபதாயிரம் ரூபாய் கட்டணம். சட்டம், உடம்புக் கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்று அந்த விதி சொல்கிறது. டாஷ்போர்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனிதன் தொட்டுத் தொட்டு மழுங்கிய இடம் எதுவோ அது சர்க்காரின் கண்ணுக்கு வண்டியில் சேர்த்தி இல்லை போலும். ஒரு விதத்தில் நல்லதே. எல்லாவற்றையும் விதி பார்த்துக்கொண்டால் நமக்கு வெட்கப்பட என்ன மிஞ்சும்?

கழிந்த வண்டிகளை ஒழுங்காகப் பிரிப்பது எப்படி என்று காட்டுவதற்காக 2011-இலேயே அதே ஒரகடத்தில், மத்திய சர்க்காரின் மோட்டார் ஆராய்ச்சி நிலைய வளாகத்தில், ஒரு மாதிரிக் கூடம் அமைத்தார்கள். எண்ணெயை வடித்து, பாட்டரியை எடுத்து, ஆசனத்தையும் டாஷ்போர்டையும் கழற்றி, இரும்பு வேறு, பிளாஸ்டிக் வேறு, கண்ணாடி வேறு என்று பிரிக்கும் முறை. அந்த முறையில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. வண்டியைக் கொடுக்கிறவனுக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும். பிரிக்கவே கொடுக்கிறான், பிரிக்கவே வாங்குகிறார்கள். 'கண்ணைப் போல' என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். என் சிநேகிதர் பொய் சொன்னாரா? அவரைக் கேட்டால், "டாஷ்போர்டைக் கண்ணைப் போலத்தானே வைத்திருக்கிறேன்" என்பார். வாஸ்தவந்தான். மெழுகு பூசி, மான் தோலால் துடைத்து, பேரன்களைக்கூடத் தொடவிடாமல் வைத்திருக்கிறார். அவர் தமக்குள் ஒன்றை நினைத்துக்கொண்டு சொன்னார். பெரியவர் வேறொன்றைக் கேட்டுக்கொண்டார். வியாபாரத்தில் இது தினம் நடக்கிறது. ஆனால் எந்த அர்த்தத்தில் பெரியவர் கேட்கிறார் என்று அந்த நிமிஷத்தில் எங்கள் இருவருக்கும் சந்தேகமில்லாமல் தெரியும். அதுவும், பிரிக்கத்தான் வாங்குகிறோம் என்று சொல்லியிருந்தால் அவர் விற்றிருக்க மாட்டார் என்பதும் தெரியும். அந்தத் தெரிதலுக்குச் சேர்த்துத்தான் விலையைக் குறைத்துக்கொடுத்தார். பிரிக்கப்போகிறவனுக்கு ஒரு விலை, வைத்துக்கொள்ளப்போகிறவனுக்கு ஒரு விலை. குறைந்த விலையை வாங்கிக்கொண்டு மற்றதைச் செய்தோம். பாத்தியதை என்றால் வண்டியின் மேல் அவருக்குப் பாத்தியதை இல்லாமல் இருக்கலாம். எங்கள் வார்த்தையின் மேல் இருந்தது. வண்டியைத்தான் வாங்கினோமே தவிர, அந்த வார்த்தையை அவரிடமிருந்து யாரும் திருப்பி வாங்கவில்லை.

'இறந்துபோன ஒரு பொருளுக்காக இவ்வளவு வருத்தமா? அந்தச் சாலையில் ஷிப்டுக்குப் போகிற பையன்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதக் கூடாதா?' என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயந்தான், எழுதுகிறேன். ஆனால் பொருள் பெரிதா, மனிதன் பெரிதா என்ற கேள்வி இதில் இல்லை. எண்பது வயசு மனிதர் ஒருவர் நம்மை நம்பினார். அந்த நம்பிக்கை ஒரு டாஷ்போர்டின் உருவத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

என் சிநேகிதரின் ஹெரால்டு இப்போது வெகு அழகாக இருக்கிறது. சென்னையில் பழைய கார்களின் அணிவகுப்பு ஒன்றில் அதைப் பார்க்கக் கூட்டம் கூடிற்று. மீட்டரை அவர் திருப்பவில்லை, அப்படியே விட்டுவிட்டார். "வாத்தியார் ஓட்டிய தூரம் இருக்கட்டும்" என்றார் என்னிடம், கொஞ்சம் குரல் தாழ்த்தி. அதிலிருந்துதான் அவருக்கும் அந்தப் பகல் செரிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். மற்ற வண்டியின் கூடு கொட்டகைக்குப் பின்னால் நிற்கிறது. மேஸ்திரி அதை எடைக்குப் போட மறுக்கிறாராம். ஏதேதோ காரணம் சொல்கிறாராம். அந்தப் பையன் ஷிப்டு இல்லாத நாட்களில் வந்து அதன் அடிச்சட்டத்தில் துருவைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். உள்ளே ஒன்றுமில்லாத வண்டிக்கு எதற்கு என்று கேட்டால், "சட்டம் நல்லாத்தான் சார் இருக்கு, மேலேதான் துரு" என்கிறானாம்.

சென்ற மாதம் பெரியவர் எனக்கு டெலிபோன் செய்தார். என் எண் எப்படிக் கிடைத்ததோ!

"தம்பி, வண்டி ஓடுதா?"

"ஓடுது, ஐயா" என்றேன்.

"சந்தோஷம். அதிலே ஒரு நோட்டு இருந்திருக்கும். அது மட்டும் கிடைச்சா குடுத்தனுப்ப முடியுமா?"

நோட்டு என்னிடந்தான் இருக்கிறது. என் மேஜை டிராயரில், கற்பூரப் பொட்டணத்தோடும் பத்துப் பைசாவோடும். தபாலில் அனுப்பிவிடலாம் என்று உறையெல்லாம் வாங்கி வைத்தேன். பிறகு உறையை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். வாலாஜாபாத் பஸ் தாம்பரத்திலிருந்து காலையிலேயே இருக்கிறது என்கிறார்கள்.